வரக்காப்பொலயில் எந்தப் பக்கம் குடியிருப்பது? நம் மூத்தவர்கள் இடம் பார்த்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. இஷா தொழுதுவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

புதிதாகக் கல்யாணம் முடித்த தம்பிமார், கட்டாரிலிருந்து காசு சேர்த்துக்கொண்டு வந்தவர்கள், கொழும்பு வாடகை தாங்காமல் இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள், எல்லாரும் நம்மிடம் கேட்பது ஒன்றுதான். "எந்தப் பக்கம் காணி எடுக்கிற?" நாம் சொல்லும் பதிலும் ஒன்றுதான். "பள்ளிக்குக் கிட்ட எடுங்க." அதற்கு மேல் நாம் யோசிப்பதில்லை. அதனால்தான் பள்ளியைச் சுற்றி ஆறு பேர்ச் துண்டுகளில் மதிலோடு மதில் ஒட்டி வீடுகள் நிற்கின்றன. ஜனாஸாவைச் சந்தூக்கில் வைத்துத் திருப்பி எடுக்க இடமில்லாத ஒழுங்கைகள் நம்மிடம் இருக்கின்றன.

"பள்ளிக்குக் கிட்ட" என்ற பதில் எப்போது வந்தது? நம் மூத்தவர்களும் இப்படித்தான் இடம் பார்த்தார்களா? இல்லை. அவர்கள் பார்த்தது வேறு. அதைத்தான் இங்கே எழுதப் போகிறோம்.

முதலில் ஊரின் பெயர். வரக்கா என்றால் சுளை கெட்டியான பலா. பொல என்றால் சந்தை. பெயரிலேயே வாங்கலும் விற்கலும் இருக்கிற ஊர் இது. பக்கத்திலேயே தெதிகம. முதலாம் பராக்கிரமபாகு பிறந்த இடம் என்று சொல்லப்படுவதும், கொட்டவெஹெர தாதுகோபம் இருப்பதும் அங்கேதான். பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அநுராதபுரம் கொண்டு போகிறோம், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தெதிகம நூதனசாலைக்குக் கொண்டு போவதில்லை. அது வேறு கதை.

கண்டி இராச்சிய காலத்தில் இந்தப் பகுதி நான்கு கோறளை என்று அழைக்கப்பட்டது. கரையோரத்துக்கும் மலைக்கும் இடையிலான வாசல் இது. 1626 இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிக்குட்பட்ட கரையோரத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டியை ஆண்ட செனரத் மன்னன் அவர்களை ஏற்றுக்கொண்டான். 4,000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்பது எல்லாப் புத்தகங்களிலும் உள்ள செய்தி. உள்நாட்டு ஊர்களிலும் முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள். ஆனால் அவர்கள் இடத்தைத் தாங்களாகத் தெரிவு செய்தார்கள் என்று சொல்ல முடியாது. கண்டி ஆட்சியில் காணி என்பது சேவையோடு கட்டப்பட்ட ஒன்று. அரசனுக்கு இன்ன வேலை செய்தால் இன்ன நிலம். நம்மவர்களில் கணிசமானோர் மடிகே பத்த என்ற பிரிவில் இருந்தார்கள். பொதி மாடுகளைக் கட்டிக்கொண்டு உப்பும் கருவாடும் மேலே ஏற்றுவது, பாக்கைக் கீழே இறக்குவது. தவலம் என்று சொல்வது அதைத்தான். அந்த வேலைக்கு மாடு மேய்க்கப் புல்வெளி வேண்டும், தண்ணீர் வேண்டும், பாதை வேண்டும். அவர்களின் ஊர்கள் அமைந்ததும் அந்தக் கணக்கில்தான்.

இன்னொரு வகை வைத்தியர்கள். மாவனல்லைப் பக்கம் கெட்டபேரியவோடு சேர்த்துப் பேசப்படும் கோபால பரம்பரையை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அரச மருந்தகத்தில் வேலை பார்த்த முஸ்லிம் குடும்பம். 1760 இல் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்க மன்னனைக் கொல்ல அவனுடைய பிரதானிகளே சதி செய்தபோது, அதை மன்னனுக்குத் தெரியப்படுத்தியவர் கோபால முதலியார். அதற்குக் கைமாறாகக் காணி கிடைத்தது. பேராசிரியை லோர்னா தேவராஜா 1994 இல் வெளியான தன் நூலில் இலங்கை முஸ்லிம்களின் ஆயிரம் வருட வாழ்வை எழுதும்போது இந்தக் குடும்பத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அவர் முஸ்லிம் அல்ல. நம்மைப் பற்றி நம்மவர்களைவிடக் கவனமாக எழுதியவர்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். வைத்தியருக்குக் கிடைத்த காணி சிங்களக் கிராமங்களுக்கு நடுவில். மாட்டுக்காரர்களின் ஊர்களும் அப்படியே. சுற்றிலும் வேறு சமூகம் இருக்கிறதே என்று அவர்கள் ஒதுங்கி நிற்கவில்லை. அவர்களைத் தேடி வந்ததே அந்தச் சமூகம்தான். உப்பு வேண்டியவன் வந்தான், மருந்து வேண்டியவன் வந்தான்.

பிறகு வீதி வந்தது. 1815 இல் கண்டி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் 1820 களில் கொழும்பு கண்டி வீதியை வெட்டுவித்தார். வேலை செய்தவர்கள் ராஜகாரியக் கட்டாயத்தில் பிடிக்கப்பட்ட ஊர்ச்சனங்கள். பொறியியலாளர் டோசன் 1829 இல் இறந்துபோனார், கடுகண்ணாவையில் நிற்கும் கோபுரம் அவருக்கு எழுப்பியது. மண் சுமந்தவர்களுக்குக் கோபுரம் இல்லை. 1828 இல் நமக்குப் பக்கத்தில் அம்பேபுஸ்ஸ வாடிவீடு கட்டப்பட்டது. இன்றும் நிற்கிறது, அந்த வழியால் பஸ்ஸில் போகும்போது பார்க்கிறோம். 1832 இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையில் தபால் கோச்சு ஓடத் தொடங்கியது. குதிரை மாற்ற வேண்டும், பயணிக்குத் தேநீர் வேண்டும், வண்டிக்காரனுக்குச் சோறு வேண்டும். கடைத்தெரு முளைப்பது இப்படித்தான்.

ரயில் கதை இன்னும் சுவாரசியமானது. இலங்கையின் முதல் ரயில் 1864 டிசம்பர் 27 இல் கொழும்பிலிருந்து வந்து நின்றது நமது அம்பேபுஸ்ஸவில். பிறகு பெல்ஜியத்தின் மன்னரான இரண்டாம் லியோபோல்ட், அப்போது இளவரசராக அதில் பயணம் செய்தார். கொங்கோவில் அவர் பிற்காலத்தில் செய்த கொடுமைகளை உலகம் அறியும். 1867 இல் பாதை கண்டி வரை போனது. ஆனால் தண்டவாளம் அம்பேபுஸ்ஸவிலிருந்து பொல்கஹவெல பக்கம் திரும்பிவிட்டது. வரக்காப்பொல நகரத்துக்குள் அது வரவே இல்லை. பொல்கஹவெல ரயில் ஊரானது. நாம் வீதி ஊராகவே நின்றோம். இன்றும் நம் ஊர் ஒரு கயிறு மாதிரி வீதி நெடுகிலும் நீண்டு கிடப்பதற்கும், அகலமாகப் பரவாமல் இருப்பதற்கும் காரணம் இதுதான் என்பது நம் கருத்து.

வீதியோரக் கடைக்காரர்கள் கடைக்குப் பின்னால், கடைக்கு மேலே குடியிருந்தார்கள். அந்தக் காலத்தில் "எங்கே வீடு?" என்பதற்கு "கடை எங்கேயோ அங்கே" என்பதுதான் பதில். கடைத்தெருவில் இரண்டு வகையினர் இருந்தார்கள். தலைமுறைகளாக இந்த மண்ணில் இருந்த சோனகர். தென்னிந்தியாவிலிருந்து வந்து வியாபாரம் செய்து, குடும்பத்தை அங்கேயே வைத்திருந்த கரையோரச் சோனகர். பிந்தியவர்களுக்குக் கடைதான் வீடு. அக்கம் பக்கத்தில் வேர் இல்லை. கடன் கொடுத்தவர் என்ற உறவு மட்டும்தான்.

1915 இல் அதன் விலை தெரிந்தது. மே மாதக் கடைசியில் கண்டியில் தொடங்கிய கலவரம் சில நாட்களில் வீதியையும் ரயிலையும் பிடித்துக்கொண்டு நமது சப்ரகமுவவுக்கும் மேல் மாகாணத்துக்கும் இறங்கியது. 4,075 கடைகள் சூறையாடப்பட்டன, 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன, 86 பள்ளிவாசல்கள் சேதமாக்கப்பட்டன என்று பதிவுகள் சொல்கின்றன. ஆங்கிலேய அரசு இராணுவச் சட்டம் போட்டு, சிங்களத் தலைவர்களைச் சிறையில் அடைத்தது. ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு பக்கத்திலும் காயம். முதலில் அடி விழுந்தது கடை வீதியில் என்பதை நாம் மறக்கக் கூடாது. கூட்டமாக இருந்த இடம் பாதுகாப்பான இடமாக இருக்கவில்லை. கூட்டமாக இருந்ததால்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

இனி மலைப்பக்கம். 1840 இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத சேனைகளையும் காடுகளையும் அரசுடைமை என்று சொல்லித் துரைமார்களுக்கு விற்க வழி திறந்தது. கோப்பி வந்தது, இலை நோயில் அழிந்தது. பிறகு மேலே தேயிலையும், நம் பக்கம் றப்பரும். கிராமங்கள் பள்ளத்தில் நெருங்கின, மேட்டில் தோட்டம். அந்தத் தோட்டங்களில் வேலைக்குக் கொண்டுவரப்பட்ட மலையகத் தமிழர்களுக்கு இடம் பார்க்கும் கேள்வியே எழவில்லை. லயத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று, துரை காட்டிய அறை. 1948 இல் குடியுரிமையும் போனது. ருவன்வெல்ல, யட்டியாந்தோட்டைப் பக்கம் இன்றும் அதே லயங்களில் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். நம் வகுப்பில் அவர்களின் பிள்ளைகள் இருந்தால், "உங்கள் வீட்டின் வரலாறு எழுதுக" என்று வீட்டு வேலை கொடுக்கும்போது கொஞ்சம் யோசித்துக் கொடுக்க வேண்டும். ஆசிரிய சகோதரர்களுக்குச் சொல்கிறோம்.

"பள்ளிக்குக் கிட்ட" என்ற பதில் உறுதியாவது இதற்கெல்லாம் பிறகுதான். அதற்கு மூன்று காரணங்கள் தெரிகின்றன.

பள்ளிவாசல் வெறும் தொழுகை இடமாக இல்லாமல் நிர்வாகமாக மாறியது ஒன்று. 1956 இன் 51 ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ் பள்ளிகள் பதிவாகின, நம்பிக்கையாளர் சபைகள் வந்தன. சந்தா, கல்யாணக் கடிதம், மையவாடியில் இடம் எல்லாம் மஹல்லாவோடு கட்டுப்பட்டது. எங்கே வாழ்கிறோம் என்பதோடு எங்கே அடக்கப்படுவோம் என்பதும் சேர்ந்துகொண்டது. 2020 இல் கொரோனாவில் இறந்தவர்களை எரித்தபோதும், 2021 மார்ச்சில் ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய் அடக்கியபோதும், சொந்த ஊர் மையவாடி என்றால் என்ன என்பதை நம் வீடுகள் அழுதுகொண்டே படித்தன.

அடுத்தது பாடசாலை. 1945 இலிருந்து இலவசக் கல்வி. 1960, 61 இல் உதவி பெறும் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தன. முஸ்லிம் பாடசாலை என்ற தனி வகை வளர்ந்தது. பெண் பிள்ளையைத் தூரம் அனுப்பாத காலத்தில், பாடசாலைக்கு நடந்துபோகும் தூரத்தில் வீடு என்பது மகளின் படிப்பையே தீர்மானித்தது. நம் உம்மாமார் பலர் எட்டாம் வகுப்போடு நின்றது புத்தி குறைவால் அல்ல, மைல் கணக்கால். இன்றும் முதலாம் தரத்துக்குச் சேர்க்கும் சுற்றறிக்கையில் பாதி இடங்கள் அண்மையில் வசிப்போருக்குத்தான். வாக்காளர் இடாப்பில் தொடர்ந்து பெயர் இருக்க வேண்டும், இடையில் வேறு பாடசாலை இருந்தால் புள்ளி குறையும். பிள்ளைக்கு மூன்று வயதாகும்போதே தாய் தகப்பன் விலாசத்தைப் பற்றிக் கவலைப்படுவதை ஆசிரியர்களாகிய நாம் வருடா வருடம் பார்க்கிறோம்.

மூன்றாவது காசு. 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் ஒருவர் வைத்திருக்கக்கூடிய காணிக்கு 50 ஏக்கர் எல்லை போட்டது. 1975 இல் கம்பனித் தோட்டங்களும் அரசுக்குப் போயின. 1977 க்குப் பிறகு பொருளாதாரம் திறந்தது, மத்திய கிழக்குக் கதவும் திறந்தது. ஏக்கரில் பேசிய காணி பேர்ச்சில் பேசப்படத் தொடங்கியது. ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச். தென்னந்தோட்டத்துக்குள் கயிறு பிடித்து, நடுவில் பத்தடிப் பாதை விட்டு, துண்டு துண்டாக விற்பனை. சவூதியில் பத்து வருடம் வீட்டு வேலை செய்த தாத்தாமார் எத்தனை பேர் அந்தத் துண்டுகளை வாங்கினார்கள் என்று ஒருவரும் எண்ணவில்லை. நம் ஊரின் ஓட்டு வீடுகளைக் கொங்கிறீட் ஆக்கியது பெரும்பாலும் பெண்களின் காசு என்பதை எழுதிவைக்க வேண்டும்.

இந்த மூன்றும் இயல்பான காரணங்கள். நாலாவதாக ஒன்று சேர்ந்தது, பயம். 2001 மே மாதம் மாவனல்லை. 2014 ஜூன் அளுத்கம. 2018 மார்ச் திகன. 2019 ஏப்ரலுக்குப் பிறகு மினுவாங்கொடை, குளியாப்பிட்டி பக்கங்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் "நம்ம ஆக்களோட இருப்போம்" என்ற பேச்சு பலமானது. சிங்கள அயலவர்களோடு நாற்பது வருடம் கிரிபத்தும் வட்டிலாப்பமும் பரிமாறிய குடும்பங்கள்கூட வளவை விற்றுவிட்டு உள்ளே வந்ததைப் பார்த்திருக்கிறோம். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. பிள்ளைகளோடு ஓர் இரவு முழுக்க விழித்திருந்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

ஆனால் வெளியுலகத்தையும் பார்ப்போம். அகமதாபாத்தில் ஜூஹாபுரா என்ற இடம். 1973 இல் சபர்மதி வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்காகத் தொடங்கிய குடியிருப்பு, அதில் இந்துக்களும் இருந்தார்கள். 1985, 1992, 2002 என்று ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் முஸ்லிம்கள் உள்ளே வந்தார்கள், மற்றவர்கள் வெளியே போனார்கள். இன்று இந்தியாவின் மிகப் பெரிய முஸ்லிம் குடியிருப்புகளில் ஒன்று. வைத்தியர், வக்கீல் எல்லாம் அங்கேதான். தண்ணீருக்கும் வீதிக்கும் வங்கிக் கடனுக்கும் வருடக்கணக்காகப் போராடினார்கள். மும்பைக்கு வெளியே மும்ப்ராவும் 1992, 93 க்குப் பிறகு அப்படித்தான் வீங்கியது. சிங்கப்பூர் இதற்கு நேர்மாறாக, 1989 இல் அரசாங்க அடுக்குமாடிகளில் ஒவ்வோர் இனத்துக்கும் உச்ச வரம்பு போட்டது. ஒரு தொகுதியில் சீனர் வரம்பு நிறைந்துவிட்டால் அதற்கு மேல் ஒரு சீனர் அங்கே வாங்க முடியாது, மலாயருக்கும் அப்படியே. சட்டம் போட்டுக் கலப்பது சரியா என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இருக்கிறது. விற்க வேண்டிய நேரத்தில் விற்க முடியாமல் தவிப்பவர் பெரும்பாலும் சிறுபான்மையினர்தான்.

தோமஸ் ஷெல்லிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1971 இல் இதைக் கட்டம் போட்ட பலகையிலும் காசுக் குற்றிகளிலும் செய்து பார்த்தார். இரண்டு வகைக் குற்றிகள். ஒவ்வொன்றும் "என் அயலில் மூன்றில் ஒரு பங்காவது என் வகை இருந்தால் போதும்" என்று மட்டும் விரும்புவதாக வைத்துக்கொண்டார். யாருக்கும் யார் மீதும் வெறுப்பில்லை. திருப்தி இல்லாத குற்றியை நகர்த்திக்கொண்டே போனால் கடைசியில் பலகை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு டாம் பலகையில் செய்து காட்டலாம், ஒரு பாடவேளை போதும். "நாங்க யாரையும் வெறுக்கல்லையே" என்று நாம் சொல்வது உண்மைதான். ஆனாலும் பலகை பிரிகிறது. கேகாலை மாவட்டத்தில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் நாம் இருக்கிறோம். ஏழு பேரும் ஒரு மூலையில் நின்றால் மற்றத் தொண்ணூற்று மூன்று பேருக்கு நம் முகம் தெரியாது. முகம் தெரியாதவரைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்பலாம்.

நெருக்கத்தால் வரும் இன்னோர் ஆபத்தை நாம் பேசுவதே இல்லை. சமநிலம் முடிந்ததும் மேட்டை வெட்டுகிறோம். மண்திட்டுக்கு அடியில் சமையலறை, அதற்கு மேலே அடுத்தவரின் மலசலகூடக் குழி. 2016 மே 17 இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தபோது சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே ஊர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போனார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையிலும் நம் மாவட்டத்தில் மலைகள் இறங்கின. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய அறிக்கை எடுத்த பிறகுதான் நம் மாவட்டத்தின் அபாயப் பகுதிகளில் கட்டலாம். நடைமுறையில் முதலில் அடித்தளம் போடுகிறோம், பிறகு பிரதேச சபைக்குப் போகிறோம். பாங்கு கேட்கும் தூரம் என்று பார்க்கிற நாம், மழை நாளில் அந்தத் துண்டில் போய் நின்று தண்ணீர் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்ப்பதில்லை. தவலம் மாடு கட்டிய மூத்தவர் முதலில் பார்த்தது தண்ணீரைத்தான்.

2022 ஜனவரியில் மீரிகம குருநாகல் அதிவேகப் பாதை திறந்ததிலிருந்து மீரிகமப் பக்கம் காணி விலை பற்றிய பேச்சு சூடு. அன்று ரயில் திரும்பியது போல இந்தப் பாதையும் நம்மைத் தொடாமல் போயிருக்கிறது. அடுத்த இருபது வருடத்தில் கடைத்தெருவை மட்டும் நம்பியிருப்பது போதுமா என்பது முதலாளிமார் யோசிக்க வேண்டிய விடயம்.

கடைசியாக ஓர் உதவி வேண்டும். பழைய காணி உறுதிகள் உங்கள் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும். அளவு பேர்ச்சில் இருக்காது, இத்தனை லாஹ விதைப்பு, இத்தனை பேல விதைப்பு என்று இருக்கும். அதில் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு எல்லைகள் யாருடைய வளவு என்று எழுதியிருப்பார்கள். அந்த நாலு வரி நமக்குப் பெரிய பொக்கிஷம். நூறு வருடத்துக்கு முன் நம் மூத்தவருக்கு வடக்கே யார் இருந்தார், தெற்கே எந்த அப்புஹாமியின் தோட்டம், மேற்கே எந்த லெப்பையின் கிணறு என்று அதிலிருந்து வரைபடமே போடலாம். உறுதியை யாரிடமும் கொடுக்க வேண்டாம். எல்லை எழுதியிருக்கும் பக்கத்தை மட்டும் ஒரு படம் எடுத்து, வருடத்தோடு நமக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். விலையும் இலக்கமும் தெரியாமல் மறைத்து அனுப்பினால் போதும். சிங்களத்தில் இருந்தால் வாசித்துத் தர நண்பர்கள் இருக்கிறார்கள். அயலில் உள்ள சிங்களக் குடும்பங்களிடமும் கேட்டுப் பாருங்கள், அவர்களின் உறுதியில் நம் மூத்தவரின் பெயர் எல்லையாக இருக்கக் கூடும். க.பொ.த. சாதாரண தர வரலாறு படிக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து அடுத்த தவணை விடுமுறையில் வரைபடத்தைத் தொடங்க நினைத்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.